பழைய இன்டர்காமை ஸ்மார்ட்போனோடு இணைத்துத் தருவதாகச் சொல்லி வருகிறவர்களிடம் கவனமாக இருங்கள்

கடலூர், பண்ருட்டி, புதுச்சேரி பகுதிகளில் அலுவலகமோ கிளினிக்கோ லாட்ஜோ நடத்துகிறவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். "உங்கள் பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி (அலுவலகப் போன்களை ஒன்றோடொன்றும் வெளி லைன்களோடும் இணைக்கும் இன்டர்காம் பெட்டி) அப்படியே இருக்கட்டும். வைஃபை மூலம் ஊழியர்களின் ஸ்மார்ட்போன்களையே எக்ஸ்டென்ஷன் (உள் இணைப்புப் போன்) ஆக்கித் தருகிறோம்" என்று யாராவது வந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் நான் கீழே சொல்லும் சோதனைகளைச் செய்யுங்கள். அது நடக்காத வேலை இல்லை. முறையாகச் செய்தால் அருமையாக நடக்கும் வேலை. அதனால்தான் அந்தப் பேச்சை நம்பிப் பணம் கொடுக்கிறோம்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்து மொத்த விற்பனை நிலையத்தில் கணக்கும் நிர்வாகமும் பார்க்கிறேன். எங்களுடையது 4 லேண்ட்லைன், 16 எக்ஸ்டென்ஷன் கொண்ட பழைய பெட்டி. மருந்துக் கடைக்காரர்கள் இன்றும் அந்த எண்களில்தான் ஆர்டர் சொல்கிறார்கள். ஒரே குறை, பின்கட்டில் இருக்கும் குடோன். இரும்பு அடுக்குகளுக்கு நடுவே மருந்து எடுத்துக்கொண்டிருப்பவருக்குச் சுவரில் மாட்டிய போன் அடிப்பது கேட்காது. கேட்டு ஓடி வருவதற்குள் நின்றுவிடும். இன்சுலின் இருப்பு இருக்கிறதா என்று கேட்கும் கடைக்காரரை எவ்வளவு நேரம் காக்க வைப்பது?

புதுச்சேரியில் கடை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் கொடுத்த விலைப்பட்டியலில் மொத்தம் 68,000 ரூபாய். அலுவலகத்துக்குள்ளேயே சர்வர், 4 லைன் கேட்வே (போன் லைனையும் இணையவழிப் பேச்சையும் இணைக்கும் பெட்டி), 10 போன்களுக்குச் செயலி உரிமம் ஒவ்வொன்றும் 1,200 ரூபாய் என்று எழுதியிருந்தார். முதலாளி 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார்.

இந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவர் செய்த மோசடி புரியும். இன்டர்காம் பெட்டியின் எக்ஸ்டென்ஷன் வயரை எஃப்எக்ஸ்ஓ வகை கேட்வேயில் செருக வேண்டும். பெட்டியின் கண்ணுக்கு அந்த கேட்வே ஒரு சாதாரண போன்தான். அது குரலை இணைய நெறிமுறைக்கு மாற்றி உள்ளூர் சர்வருக்கு அனுப்பும். சர்வர் வைஃபை வழியாக ஸ்மார்ட்போன்களுக்கு அனுப்பும். எஃப்எக்ஸ்எஸ் என்று இன்னொரு வகை இருக்கிறது. அது நேர் எதிர்: போனுக்கு டயல் டோனும் மணியும் கொடுக்கிற பக்கம். இன்டர்காம் பெட்டியின் எக்ஸ்டென்ஷனும் அதே வகைதான். இரண்டையும் எதிரெதிரே இணைத்தால் இரு பக்கமும் மின்னழுத்தம் கொடுக்கும், எடுத்துக்கொள்ள ஆள் இருக்காது. வேலை நடக்காதது ஒருபுறம், பெட்டிக்குள் இருக்கும் எக்ஸ்டென்ஷன் கார்டும் பழுதாகலாம்.

அவர் மாட்டிவிட்டுப் போனது எஃப்எக்ஸ்எஸ் பெட்டி. துளைகளுக்கு மேல் தன் கடைப் பெயர் போட்ட மஞ்சள் ஸ்டிக்கரை நீளமாக ஒட்டியிருந்தார். பிறகு ஈரத்துணியால் நனைத்து அதை உரித்தபோது, அடியில் அச்சிட்டிருந்த எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. 4 துளைக்கும் எஃப்எக்ஸ்எஸ். அதைச் செருகிய நாளிலிருந்து எங்கள் 2 எக்ஸ்டென்ஷன்களில் டயல் டோன் இல்லை.

ஆனால் சோதனை காட்டியபோது எல்லாம் சரியாக நடந்ததே, எப்படி? கண்ணில் மண்ணைத் தூவிய இடம் இதுதான். எங்கள் நான்காவது லேண்ட்லைனில் அழைப்பு மாற்றும் வசதியைப் போட்டு, குடோன் பையனின் செல்பேசி எண்ணுக்குத் திருப்பிவிட்டார். வெளியிலிருந்து அந்த லேண்ட்லைனை அழைத்தார். குடோனில் ஸ்மார்ட்போன் அடித்தது. முதலாளி முகம் மலர்ந்தது. அது செயலியில் வந்த அழைப்பே இல்லை, வழக்கமான செல்பேசி அழைப்பு. போனுக்குப் போன் பேசுவதற்கு, வெளியூரில் எங்கோ இருக்கும் வாடகை சர்வரில் தன் பெயரில் ஒரு கணக்கு. அலுவலகத்தில் வைத்த "சர்வர்" வெறும் வைஃபை ரவுட்டர். உரிமம் என்று 12,000 ரூபாய் வாங்கிய செயலியோ, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடியது. லின்போன் போன்ற செயலிகளுக்குக் காசே கிடையாது. சர்வர் மென்பொருளும் அப்படித்தான். மார்க் ஸ்பென்சர் 1999இல் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் இன்றுவரை இலவசமாகக் கிடைக்கிறது. அதை நிறுவித் தரும் உழைப்புக்குக் கூலி கேட்கட்டும், தாராளமாகக் கொடுக்கலாம். இல்லாத உரிமத்துக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?

குரல் விட்டுவிட்டு வருகிறது என்று சொன்னோம். "இணைய வேகம் போதாது சார், பெரிய பிளானுக்கு மாறுங்கள்" என்றார். ஜி.711 என்ற குரல் மாற்று முறையில் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்கு 64 கிலோபிட். குரலோடு சேர்த்து அனுப்பப்படும் முகவரி போன்ற உறைத் தகவல்களையும் சேர்த்தால் 90 கிலோபிட்டுக்குள். 10 பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 மெகாபிட்டைத் தாண்டாது. எங்களிடம் இருந்ததோ 40 மெகாபிட் இணைப்பு. கோளாறு, இரும்பு அடுக்குகளைத் தாண்டி வைஃபை சரியாக எட்டாததில் இருந்தது. குடோனுக்கு வயர் இழுத்து இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னல் தரும் கருவி) வைத்தால் தீரும் விஷயம். அதற்குப் பதிலாக 3,500 ரூபாய்க்கு இருக்கும் சிக்னலையே வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு ரிப்பீட்டரைத் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

குட்டு உடைந்தது தெருவில் வடிகால் தோண்டி ஃபைபர் வயர் அறுந்த அன்று. வைஃபை சிக்னல் எல்லாப் போனிலும் முழுதாக இருந்தது, செயலி அழைப்பு ஒன்றுகூடப் போகவில்லை. பில்லிங்கிலிருந்து 30 அடி தள்ளியிருக்கும் குடோனுக்குப் பேச இணையம் எதற்கு? பழைய பெட்டி மட்டும் வழக்கம்போல அடித்துக்கொண்டிருந்தது. 2011இல் கடலூரைத் தாக்கிய தானே புயலைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நெய்வேலியிலிருந்து வந்த டெக்னீஷியன் அண்ணன் முதலில் செய்தது, அந்த மஞ்சள் ஸ்டிக்கர் பெட்டியின் மின்சாரத்தை அணைத்ததுதான். பிறகு நான்காவது லைனுக்கு அழைத்தார். குடோன் பையனின் போன் அப்போதும் அடித்தது. "தம்பி, இந்தப் பெட்டிக்கும் உங்கள் லைனுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார். நீங்களும் இந்த இரண்டையும் செய்து பாருங்கள். இணைய வயரைப் பிடுங்கினால் உள்ளே பேசுவது நிற்கக் கூடாது. கேட்வேயை அணைத்தால் லேண்ட்லைன் அழைப்பு ஸ்மார்ட்போனுக்கு வரக் கூடாது.

அவர் கொடுத்த பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகவரி புதுச்சேரி, ஆனால் ஜிஎஸ்டி எண் 33இல் தொடங்குகிறது. புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்குத்தான் 33. புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு விற்றால், மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐஜிஎஸ்டி போட வேண்டும். இவர் ஒரே மாநிலத்துக்குள் விற்பதுபோல சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டிருக்கிறார். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் ரத்தானது என்று வருகிறது. அதாவது எங்களிடம் வாங்கிய வரி அரசுக்கும் போகவில்லை. எல்லையை ஒட்டியிருக்கும் நம் ஊர்களில் இந்தப் பித்தலாட்டம் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். பில் கைக்கு வந்ததும் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "வேலை முடிந்துவிட்டது, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. செயலிகளின் கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தது. டெக்னீஷியன் சோதித்தபோது எக்ஸ்டென்ஷன் எண்ணேதான் கடவுச்சொல். இணையத்தில் திறந்து கிடக்கும் இத்தகைய கணக்குகளைத் தேடிப் பிடித்து, இரவோடு இரவாக வெளிநாட்டுக்கு அழைத்துத் தள்ளுகிற கும்பல்கள் இருக்கின்றன. பிறருடைய தொழிலை இப்படி நட்டாற்றில் விட்டுப் போக ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது?

இப்போது 4 துளை எஃப்எக்ஸ்ஓ கேட்வேயும், ஆஸ்டெரிஸ்க் ஓடும் ஒரு சிறு கணினியும், குடோனுக்குத் தனி ஆக்சஸ் பாயிண்டும் வைத்திருக்கிறோம். 4 துளை என்றால் பழைய பெட்டிக்கும் ஸ்மார்ட்போன்களுக்கும் இடையே ஒரே நேரத்தில் 4 அழைப்புதான். எத்தனை போன் சேர்த்தாலும் அவ்வளவுதான். இதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். போன்களின் பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து செயலிக்கு விலக்குக் கொடுக்கவில்லையென்றால் திரை அணைந்ததும் மணி அடிக்காமல் போகலாம்.

காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறோம். வணிகத்துக்காக வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் ஆணையம் எங்களுக்குக் கைகொடுக்காது என்றார் வழக்கறிஞர். ஆனால் பிழைப்புக்காகச் சொந்தமாகச் சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முதலில் பேசலாம். விசாரணை நடப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி உங்கள் அலுவலகத்திலும் இருந்தால், உரித்துப் பார்த்துப் படம் எடுத்து, பில் நகலோடு எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறோம்.