ரோ ஹவுஸ் ‘நியாயமான விலை’ ரிப்போர்ட்டை நம்பி ரூ.1,67,700 போய்விட்டது. பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கம் வீடு பார்ப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

வீடு தேடித் தரும் ஆப் கம்பெனியிடம் என் புகாரைப் பற்றி நேற்று மாலைதான் கடைசி போன் பேசினேன். “உங்க டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு சார், வேற ஏதாவது உதவி வேணுமா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். கை இன்னும் நடுங்குகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தொகை ஒரு லட்சத்து அறுபத்தேழாயிரத்து எழுநூறு ரூபாய். என் மனைவி இரண்டு வருடம் கட்டி எடுத்த சீட்டுப் பணம் அது.

குரோம்பேட்டையில் பதினோரு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். தனி வீடு வாங்க நமக்கு வசதி இல்லை, அடுக்குமாடியில் அம்மாவுக்கு மூச்சு முட்டும். அதனால் ரோ ஹவுஸ் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். ஒரே வரிசையில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய ஆறு வீடு, எட்டு வீடு இருக்குமே, அதுதான். கீழே ஹால், சமையலறை, மேலே இரண்டு படுக்கையறை, முன்னால் ஒரு கார் நிற்கும் இடம். பெருங்களத்தூரிலிருந்து முடிச்சூர் போகும் பக்கம் இப்படி நிறைய இருக்கின்றன.

வீடு வாங்க, விற்க உதவும் ஒரு பெரிய ஆப் வழியாகத் தேடினேன். பெயர் போடவில்லை, போட்டால் பதிவைத் தூக்கிவிடுவார்கள் என்று நண்பர் சொன்னார். அதில் ஒரு வீடு பிடித்தது. 2016-ல் கட்டியது, 82 லட்சம். விலை சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் சென்னையில் வீடு வாங்கியதில்லை, யாரைக் கேட்பது? அந்த ஆப்பிலேயே ‘விலை மதிப்பீடும் லீகல் செக்கும்’ என்று ஒரு சேவை இருந்தது. 15,000 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 17,700. கட்டினேன்.

அந்த ஆப் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டுவிட்டு வந்தான். அம்மா காபி கொடுத்தார்கள். “சர்க்கரை கம்மியா போட்டிருக்கேன்பா, போதுமா?” என்றதற்கு “எங்க அம்மா போடுற மாதிரியே இருக்கும்மா” என்றான். அம்மா அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

லேப்டாப்பைத் திறந்து ரிப்போர்ட்டைக் காட்டினான். வண்டியின் ஸ்பீடாமீட்டர் மாதிரி ஒரு படம். சிவப்பு, மஞ்சள், பச்சை. முள் பச்சையில் நின்றது. கீழே பெரிய எழுத்தில் ‘நியாயமான விலை’. பக்கத்திலேயே ஒப்பீட்டுக்கு மூன்று வீடுகள், 80, 83.5, 85 லட்சம். “பாத்தீங்களா அண்ணா, இருக்கிறதிலேயே உங்களுதுதான் நல்ல டீல். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறந்ததுக்கு அப்புறம் இந்த ஏரியா மாசத்துக்கு மாசம் ஏறுது.” நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: “லோன் வராம போனா அட்வான்ஸ் என்ன ஆகும்பா?” என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “முழுசா திரும்ப வந்துடும் அண்ணா, அதுக்கு நான் கேரண்டி.”

அந்தக் கையைப் பிடித்த நிமிடத்தில்தான் நம்பினேன். அன்று இரவே ஆப்பில் டோக்கன் அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் கட்டினேன். ஒரு பெட்டியில் டிக் போடச் சொன்னது, போட்டேன். வாங்குபவர் பின்வாங்கினால் தொகை திருப்பித் தரப்படாது என்று உள்ளே எழுதியிருந்ததாம். அதைப் பிறகுதான் படித்தேன்.

வங்கிக்குப் போனேன். அவர்கள் தங்கள் பட்டியலில் இருக்கும் மதிப்பீட்டாளர் ஒருவரை அனுப்பினார்கள். வயதானவர், வெள்ளைச் சட்டை, டி.வி.எஸ். வண்டியில் வந்தார். அவர் செய்த முதல் காரியம், டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து “அந்த மூலையில பிடிங்க” என்றது. அகலம் பதினாறு அடி. நீளம் நாற்பது அடி. சட்டைப் பையிலிருந்த துண்டுக் காகிதத்தில் எழுதினார்: 640.

“சார், 850 சதுர அடின்னு சொன்னாங்களே” என்றேன். பத்திர நகலைத் திருப்பிக் காட்டினார். சொத்து விவரத்தில் தெளிவாகவே இருந்தது: மனை 640, அப்புறம் எட்டு வீட்டுக்கும் பொதுவான பாதையில் பிரிக்கப்படாத பங்கு 210. “இந்தப் பாதை உங்களுக்கு நடக்கத்தான் தம்பி. இதுல ஒரு செங்கல் வைக்க முடியுமா? வீட்டு மனை ரேட்டை இதுக்கும் போட்டா எப்படி?” என்று கேட்டார். அப்புறம் பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நாளைக்கு இடித்துக் கட்ட வேண்டும் என்றாலும் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் முடியாது, அதுவும் விலையில் குறைய வேண்டும் என்றார்.

அன்று இரவு ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு நானே கணக்குப் போட்டேன். எல்லாரும் பார்க்க வேண்டும் என்பதால் அப்படியே தருகிறேன். மனை 850 சதுர அடி, அடிக்கு 5,000 வீதம் 42,50,000. கட்டடம் 1,150 சதுர அடி, 2,600 வீதம் 29,90,000. இரண்டும் சேர்ந்தால் 72,40,000. மிச்சம் 9,60,000-ஐ ‘லொகேஷன் பிரீமியம்’ என்று போட்டு 82,00,000-க்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ரூபாய் பிசகாமல் விற்பவர் சொன்ன அதே விலை! விலையை முதலில் எழுதிவிட்டுப் பின்னாலிருந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். அடிக்கு 5,000 என்றாலே அதில் இடத்தின் மதிப்பு வந்துவிட்டதே, அதே இடத்துக்கு இன்னொரு பிரீமியம் எதற்கு?

வங்கி மதிப்பீட்டாளரும் மனைக்கு அதே 5,000 ரூபாய்தான் போட்டார். ஆனால் 640 அடிக்கு, 32 லட்சம். கட்டடம் 1,060-தான், மீதி சன்ஷேடும் மொட்டைமாடிப் படிக்கட்டின் தலையும். அடிக்கு 2,200 போட்டு, பழசானதற்குப் பத்து சதவீதம் கழித்தார், 21 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. கேட், மோட்டார், கப்போர்டு, பாதைப் பங்கு எல்லாவற்றுக்குமாக ஒரு நாலு லட்சம். மொத்தம் 57 லட்சம்.

82 எங்கே, 57 எங்கே. இருபத்தைந்து லட்சம் வித்தியாசம்.

வங்கி தன் மதிப்பில் 80 சதவீதம்தான் கடன் தரும், அதாவது 45.6 லட்சம். நான் 82-க்குக் கணக்குப் போட்டு 65.6 லட்சம் வரும் என்று நினைத்திருந்தேன். துண்டு விழுந்தது இருபது லட்சம். பதிவுச் செலவு வேறு தனி. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எங்கே போவேன்?

அதன் பிறகுதான் புத்தி வந்து ஒப்பீட்டு வீடுகளைத் தேடிப் போனேன். மூன்றில் இரண்டைக் கண்டுபிடித்தேன். ஒன்று அதே வரிசையில் கடைசி வீடு. இன்னொன்று இரண்டு தெரு தள்ளி. வாசலில் ‘விற்பனைக்கு’ என்ற போர்டு வெயிலில் வெளுத்து, போன் நம்பரில் பாதி அழிந்திருந்தது. எதிர் வீட்டு அக்காவிடம் கேட்டேன். “அது ஒரு வருஷத்துக்கு மேலயே தொங்குது தம்பி, யாரும் வாங்கல” என்றார். ஆக, விற்காத வீடுகள் கேட்கும் விலையை வைத்து இந்த வீட்டின் விலை நியாயம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வீடுகளும் அதே ஆப்பில்தான் இருக்கின்றன. அவன் விலைக்கு இவன் சாட்சி, இவன் விலைக்கு அவன் சாட்சி. இதற்கா 17,700 வாங்கினார்கள்?

உண்மையில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்க்கப் பதிவுத்துறை இணையதளத்திலேயே வழி இருக்கிறது. சர்வே எண் போட்டு வில்லங்கம் (அந்தச் சொத்தில் நடந்த பதிவுகளின் பட்டியல்) பார்த்தால் ஒவ்வொரு கிரயத்துக்கும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு இரண்டும் வரும். காசு கிடையாது. பார்த்தேன். அதே வரிசையில் மூன்றாவது வீடு இரண்டு வருடம் முன்பு 49 லட்சத்துக்குப் பதிவாகியிருக்கிறது. பத்திரத்தில் குறைத்துக் காட்டுகிறவர்கள் உண்டு, எனக்கும் தெரியும். பில்டரிடம் புதிதாக வாங்கும்போது மனைக்கு மட்டும் கிரயம் போட்டு, கட்டடத்துக்குத் தனி ஒப்பந்தம் போடுவதும் உண்டு, அப்போது அந்தத் தொகை முழு விலையே ஆகாது. ஆனால் இது கட்டி முடித்துக் கைமாறிய வீடு. என்னதான் கூட்டிப் பார்த்தாலும் 49-லிருந்து 82 வராது.

அந்த அக்கா இன்னொன்றும் சொன்னார். 2015 வெள்ளத்தில் அந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீராம். முடிச்சூர் பெயரைச் சொன்னாலே வெள்ளம் ஞாபகம் வரும் எல்லாருக்கும், அதனால்தான் வீட்டைச் சாலையிலிருந்து மூன்று அடி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்குள் வராது சரி, மழைக் காலத்தில் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிப்போவது? ரிப்போர்ட்டில் மெட்ரோ வரப்போகிறது, மால் வரப்போகிறது என்று இரண்டு பக்கம். தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை.

பணத்தைக் கேட்ட கதைக்கு வருகிறேன். முதல் வாரம் அந்தத் தம்பி “கவலையே படாதீங்க அண்ணா, நான் பாத்துக்கறேன்”. இரண்டாவது வாரம் “ப்ராசஸ்ல இருக்கு சார், ஏழு வேலை நாள்”. அண்ணா எப்போது சார் ஆனேன் என்று அப்போது கவனிக்கவில்லை. மூன்றாவது வாரம் எடுக்கவே இல்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் கட். அலுவலகத்துக்கு நேரில் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, வரவேற்பில் ஒரு பெண். “அவர் இப்போ வேற டீம் சார், நீங்க ஆப்ல டிக்கெட் ரைஸ் பண்ணுங்க.” ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், யாரும் வரவில்லை. டிக்கெட் போட்டால் ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று பதில். மேலாளர் என்று ஒருவர் பேசினார்: “மதிப்பீடு என்பது வழிகாட்டுதல் மட்டும்தான் சார், நாங்க பொறுப்பு இல்லை.” பச்சை முள்ளைக் காட்டும்போது அப்படிச் சொன்னார்களா?

வீட்டை விற்பவரைக் கேட்டேன். “எனக்கு ஒரு லட்சம்தான் வந்தது, ஐம்பதாயிரம் அவங்க சர்வீஸ் சார்ஜ் பிடிச்சுட்டாங்க. அக்ரிமென்ட் போட வராதது நீங்க, நான் ஏன் தரணும்?” அவர் ஆப்பைக் காட்டுகிறார், ஆப் அவரைக் காட்டுகிறது. நடுவில் என் 1,67,700 ரூபாய்.

மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. சீட்டுப் புத்தகத்தை எடுத்து பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். அம்மா மட்டும் இன்னும் கேட்கிறார்கள், “அந்தப் பையன் நல்ல பையனாச்சேப்பா?” என்று. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே வாதாடலாம். கேரண்டி என்று அவன் சொன்னதற்கு என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை, அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

ரோ ஹவுஸ் விலையை எப்படிக் கணக்குப் போடுவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை. அவசரமாகச் சில சொல்கிறேன். மனையை நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள். பத்திரத்தில் பொதுப் பாதைப் பங்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். மனை விலை தனி, கட்டட விலை தனி, பழசுக்குக் கழிவு, அவ்வளவுதான். அதற்கு மேல் பிரீமியம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆப்பில் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், வில்லங்கத்தில் விற்ற விலையைப் பாருங்கள். வங்கி மதிப்பீடு வருவதற்கு முன் அட்வான்ஸ் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், லோன் வராவிட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள்.

இன்று காலை அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதே வீடு இருக்கிறது. இப்போது 84 லட்சம். முள் அதே பச்சையில்தான் நிற்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை யாராவது அதைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், வங்கி மதிப்பீட்டாளர் கொடுத்த கணக்கை அனுப்பி வைக்கிறேன்.