சொந்த சிப் என்கிறார்களே, அதில் சொந்தம் எவ்வளவு?

"இது நாங்களே வடிவமைத்த சிப்" என்று ஒரு நிறுவனம் அறிவித்தால் போதும், இரண்டு கட்சி கிளம்பிவிடும். முழுக்க அவர்கள் செய்ததுதான் என்று ஒன்று. வரைந்தது ஆர்ம் என்ற வடிவமைப்பு நிறுவனம், தயாரித்தது டிஎஸ்எம்சி என்ற தைவான் ஆலை நிறுவனம், இவர்கள் ஒட்டியது பெயர் மட்டும் என்று இன்னொன்று. இரண்டுமே தப்பு, ஏனென்றால் எல்லா நிறுவனங்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

முதலில் ஆலை விஷயத்தைத் தள்ளி வைத்துவிடலாம். என்விடியா, ஏஎம்டி, குவால்காம் யாரிடமும் இன்று சொந்தமாக சிப் தயாரிக்கும் ஆலை கிடையாது, அதற்காக அவர்கள் எதையும் வடிவமைக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லையே. கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே இருக்கும் கோர், அதாவது கட்டளைகளை நிறைவேற்றும் மையப் பகுதி, யாருடையது என்பதுதான். ஆர்மிடம் இரண்டு விதமாக உரிமம் வாங்கலாம். கார்டெக்ஸ் என்ற பெயரில் அவர்கள் வரைந்து முடித்த கோரை அப்படியே வாங்கிப் போடலாம், அல்லது சிப்புக்குப் புரியும் அடிப்படைக் கட்டளைகளின் பட்டியலான கட்டளைத் தொகுப்புக்கு மட்டும் உரிமம் வாங்கிக்கொண்டு கோரை நாமே வரையலாம். இரண்டாவது வழிக்குப் பல வருஷ உழைப்பும் பெரிய குழுவும் வேண்டும்.

ஆப்பிள் போனது அந்த வழியில். அதுவும் ஒரே நாளில் இல்லை. 2008-ல் பி.ஏ. செமி என்ற சிப் நிறுவனத்தை வாங்கினார்கள், 2010-ல் ஏ4 சிப் வந்தது, ஆனால் அதன் அடிப்படை ஆர்மின் கார்டெக்ஸ் ஏ8 கோர்தான், தயாரித்தது சாம்சங். 2012-ல் ஐபோன் 5-க்குள் வந்த ஏ6-ல்தான் முதல் சொந்த கோர். அடுத்த வருஷமே ஏ7, போன்களில் முதல் 64 பிட் சிப். கிராபிக்ஸ் மட்டும் இமாஜினேஷன் நிறுவனத்தின் நுட்பத்தை நம்பியே நடந்தது, 2017-ல் ஏ11-ல்தான் சொந்தமானது. 2020-ல் மேக் கணினிகளில் வந்த எம்1 எல்லோரையும் அசரவைத்ததற்குப் பின்னால் இந்தப் பத்து வருஷம் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு "பெயர் ஒட்டினார்கள்" என்று சொல்வது அந்தப் பொறியாளர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கூகுள் டென்சர் கதை வேறு. 2021-ல் பிக்சல் 6-ல் வந்த முதல் டென்சரைப் பிரித்துப் பார்த்தால் கோர்கள் கார்டெக்ஸ், கிராபிக்ஸ் ஆர்மின் மாலி, போனை நெட்வொர்க்கோடு இணைக்கும் மோடம் சாம்சங், தயாரிப்பும் சாம்சங், சாம்சங்கின் எக்ஸினோஸ் சிப்பின் சாயல் நன்றாகவே தெரியும். ஆனால் ஏஐ வேலைக்கான டிபியு கூகுளுடையது, கேமரா, பேச்சு அறிதல் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன. எந்தப் பகுதிக்கு எவ்வளவு இடம் என்று முடிவு செய்வதும் வடிவமைப்புதான். ஆகவே டென்சர் பாதி சொந்தம். அதை ஆப்பிள் சிப்போடு ஒரே வரிசையில் வைத்துப் பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சாம்சங்கிடம் ஆலையே இருக்கிறது, 2016 முதல் மங்கூஸ் என்ற சொந்த கோரும் போட்டார்கள். குவால்காமின் ஸ்னாப்டிராகன் சிப் வைத்த அதே கேலக்ஸியோடு ஒப்பிட்டால் மங்கூஸ் வைத்த போன் பேட்டரியில் அடிவாங்கியது. அப்புறம் குழுவைக் கலைத்துவிட்டு கார்டெக்ஸுக்கே திரும்பினார்கள். குவால்காமும் நடுவில் கார்டெக்ஸ் பக்கம் ஒதுங்கி, 2021-ல் முன்னாள் ஆப்பிள் ஆட்கள் தொடங்கிய நுவியாவை வாங்கிய பிறகுதான் ஓரியான் என்ற சொந்த கோரோடு மீண்டது.

ஷாவோமியின் எக்ஸ்ரிங் ஓ1 சிப்பில் உள்ள கோரும் ஆர்முடையதே, ஒருங்கிணைத்தது அவர்கள். மைக்ரோசாஃப்ட் 2019-ல் சர்ஃபேஸில் வைத்த எஸ்க்யூ1? அது குவால்காமின் 8சிஎக்ஸ் சிப், வேகம் கொஞ்சம் கூட்டியது. அதைச் சொந்த சிப் என்று நான் சொல்லமாட்டேன்.

சரி, ஆப்பிளிடமாவது எல்லாம் சொந்தமா என்றால், மோடம் வெகுநாள் இல்லை. இன்டெலின் மோடம் பிரிவை 2019-ல் வாங்கியும், முதல் சொந்த மோடமான சி1 ஐபோன் 16இ-யில் வர 2025 ஆகிவிட்டது.