இருவருக்கான கணக்கு, ஒருவருக்கான நினைவூட்டல்

குழந்தை நலச் செயலி ஒன்றுக்கு நான் நெடுநாளாகச் சந்தா செலுத்தி வருவதை அறிந்த தோழி, இப்போது கட்டணத்தைக் குறைத்திருக்கிறார்களே, வாங்கலாமா என்று கேட்டாள். உள்ளடக்கத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. குழந்தையின் எடையையும் உயரத்தையும் உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சித் தரநிலைகளோடு ஒப்பிட்டு வரைபடமாகக் காட்டுகிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்ற அதே நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுப் பரிந்துரையையும் மிரட்டாமல் எடுத்துச் சொல்கிறது. காய்ச்சல் பற்றிய பகுதி ஒன்றுக்கே பணம் கொடுக்கலாம்.

என் எரிச்சல் முழுவதும் 'இரு பெற்றோர் கணக்கு' என்ற வசதியின் மீதுதான். கணவரையும் கணக்கில் சேர்த்தேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் குறி விழுந்தது, அவ்வளவுதான். தடுப்பூசி நினைவூட்டல், கேள்வித்தாள், கட்டுரை எல்லாம் கணக்கைத் தொடங்கியவருக்கு மட்டுமே வரும். மற்றவருக்கு வாரம் ஒரு சுருக்கம் மின்னஞ்சலில் போய்ச் சேரும். அதை அவர் திறப்பதே இல்லை. நான் அனுப்பும் கட்டுரைக்குக் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வரும். ஆக, படிப்பதோடு, இன்னொருவரைப் படிக்க வைக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

ஆனால், படிக்காதவருக்குக் குழந்தையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று இந்தச் செயலி எண்ணிக்கொள்வதுதான் இன்னும் மோசம். ஆட்டிசம் வாய்ப்பைத் தொடக்கத்திலேயே கவனிக்க, 16 முதல் 30 மாதக் குழந்தைகளின் பெற்றோரிடம் கேட்கும் 20 கேள்விகள் உண்டு. அறையின் மறுபக்கத்தில் இருப்பதைச் சுட்டிக்காட்டினால் குழந்தை அதைப் பார்க்கிறதா என்பது அவற்றில் ஒன்று. நான் 'இல்லை' என்று குறித்தேன். தினமும் குளிப்பாட்டித் தூங்க வைக்கும் அவரோ, "விளக்கைக் காட்டினால் உடனே திரும்பிப் பார்க்கிறானே" என்றார். விடையை மாற்றினேன், பழையது சுவடின்றி அழிந்தது. யார் கவனித்தது, எந்த விடையில் கருத்து வேறுபாடு என்று குறிக்க இடமில்லை. அந்த வேறுபாட்டைத்தானே மருத்துவர் முதலில் கேட்பார்!

அவர் மீதும் குற்றம் உண்டு, மறுக்கவில்லை; ஒரு மின்னஞ்சலைத் திறக்க நேரமில்லை என்பதை நான் நம்பவில்லை. என்றாலும் நினைவூட்டலை இருவருக்கும் அனுப்பச் சொல்லி எழுதியபோது, முதன்மைப் பராமரிப்பாளருக்கு மட்டுமே அனுப்ப இயலும் என்று பதில் வந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் பட்டத்தை எனக்குக் கொடுக்கச் சொன்னது யார்?

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். தோழியிடம் வாங்கச் சொல்லிவிட்டேன், ஆனால் கணக்கைக் கணவரின் எண்ணில் தொடங்கும்படி. பதிந்த பிறகு அதை மாற்ற வழியில்லை.