வாணமா, பறையா?

புதுச்சேரியில் கால்பந்து இறுதி ஆட்டம் வந்தாலே எங்கள் கூட்டத்தில் இந்தச் சண்டைதான். தம்பிகளுக்கு ஃபிளேர், அதாவது சிவப்பாக எரிந்து புகை கக்கும் வாணம், வேண்டும். சிவப்புச் சுடர் எழும்போது மெய்சிலிர்க்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சிவப்பு ஸ்ட்ரான்சியம் தருவது. கூடவே எரியும் மெக்னீசியத்தின் சூடு 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 1993-இல் கார்டிஃபில் வேல்ஸ்–ருமேனியா ஆட்டத்தில் பறந்து வந்த ஃபிளேர் ஒரு முதியவரைக் கொன்றது. அவ்வளவு தூரம் போவானேன்? 2025 பிப்ரவரியில் கேரளத்தின் மலப்புரம் அரீக்கோட்டில், கால்பந்து மைதானத்தில், வாணம் கூட்டத்துக்குள் பாய்ந்து 30 பேருக்கு மேல் காயம்.

போன வருஷம் என் முன்வரிசைப் பையனின் ஜெர்சியில் ஒரு பொறி விழுந்தது. பாலியஸ்டர் உருகிக் கழுத்துத் தோலோடு ஒட்டிக்கொண்டது. அவன் அப்பா வெறுங்கையாலேயே தட்டி அணைத்தார். அந்தக் கருகல் வாசம் இன்னும் மறக்கவில்லை.

பறைக்கும் நெருப்பு வேண்டும்தான். ஆனால் அது மைதானத்துக்கு வெளியே, தோலைக் காய்ச்ச மட்டும். காய்ந்த பறை 90 நிமிஷமும் பேசும். ஃபிளேரோ சில நிமிஷத்தில் முடிந்துவிடும். கடற்காற்றில் புகை கோல் பக்கம் சாய்ந்தால் பந்தே தெரியாது.

எனக்குப் பறைதான். ஃபிளேருக்குச் சேர்த்த காசில் ஒரு குழுவைக் கூப்பிடுங்கள் தம்பிகளா, என் பங்கை இன்றைக்கே தருகிறேன்.