போக ரோமானியர் சாலை, திரும்பக் காடு: இங்கிலாந்தின் மூன்று சுற்று நடைகள்

ரோமானியர் சாலையில் நடப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அது நேராகப் போகும், போய்க்கொண்டே இருக்கும். 'கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் போட்ட பாதை' என்ற பூரிப்பில் முதல் அரை மணி நேரம் கால் தானாக நடக்கும். அப்புறம் முன்னாலும் அதே கோடு, பின்னாலும் அதே கோடு. அதனால் இந்த மாதிரிச் சுற்று நடைகளை ஒப்பிடும்போது திரும்பும் வழியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அது காட்டுக்குள் புகுந்து வளைந்து வந்தால் நடை பிழைத்தது. வந்த கோட்டிலேயே திரும்ப வேண்டும் என்றால் கிளம்பும் முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

மூன்று இடங்களை எடுத்துக்கொள்கிறேன்: டார்செட்டில் ஆக்லிங் டைக், கேம்பிரிட்ஜ் பக்கத்தில் வாண்டில்பரி, மேற்கு சசெக்ஸில் பிக்னர் குன்று வழியாகப் போகும் ஸ்டேன் ஸ்ட்ரீட்.

சாலையை மட்டும் பார்த்தால் ஆக்லிங் டைக்கை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. சால்ஸ்பரி அருகிலுள்ள ஓல்ட் சேரமிலிருந்து பேட்பரி ரிங்ஸ் என்ற பழைய மண்கோட்டை வரை போன சாலை இது. ஓக்லி டவுன் என்ற இடத்தில் ஏறி நின்றால் ஏரிக்கரை மேல் நிற்பது போல இருக்கும். கரையின் அகலம் 12 மீட்டருக்கு மேல். சில இடங்களில் உயரம் ஒன்றரை மீட்டரைத் தாண்டும். ஒரு சாலைக்கு எதற்கு இவ்வளவு மண்? உள்ளூர்க்காரர்களை மிரட்டத்தான் என்று ஓர் ஊகம் இருக்கிறது. அதை நம்பத் தோன்றும், ஏனென்றால் பக்கத்திலேயே வெண்கலக் காலத்து ஈமமேடுகள் கூட்டமாக இருக்கின்றன. சாலை அவற்றில் ஒன்றின் விளிம்பை அப்படியே வெட்டிக்கொண்டு போகிறது. சுற்றிப் போக நினைத்திருந்தால் போயிருக்கலாம்.

ஆனால் காடு? கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்தான். நீலமணிப் பூக்களுக்குப் பேர்போன கார்ஸ்டன் வுட் சிக்ஸ்பென்னி ஹேண்ட்லி ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது; ஒரே நடையில் சேர்த்தால் கால் விட்டுப்போகும். பென்ட்ரிட்ஜ் குன்று மேல் ஒரு மரக்கொத்து உண்டு, அவ்வளவுதான். காற்று அடிக்கிற நாளில் ஒதுங்க இடமே இல்லை. ஏ354 நெடுஞ்சாலையின் இரைச்சல் வேறு. வரலாற்றுப் பைத்தியம் என்றால் ஒருமுறை போய்ப் பாருங்கள். சுற்று நடை என்ற கணக்கில் இது மூன்றாம் இடம்.

கேம்பிரிட்ஜ் நடையின் பெரிய பலம், கார் இல்லாமலே போகலாம். ஹேவரில் போகும் பேருந்து வாண்டில்பரியிலேயே நிற்கும், கழிப்பறை உண்டு, ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அங்குள்ள கோக் மேகோக் குன்றுகளின் உச்சியே கடல் மட்டத்திலிருந்து சுமார் 74 மீட்டர்தான். இதைக் குன்று என்று சொல்வதைக் கேட்டால் சசெக்ஸ்காரர்கள் சிரிப்பார்கள்.

முதலில் வாண்டில்பரி: இரும்புக் காலத்து வட்டமான கோட்டை. அகழியின் ஓரமாக மரங்களுக்கு நடுவே ஒரு சுற்று வரலாம். குழந்தைகள் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறி ஓடுவார்கள். பெரியவர்கள் நடந்ததைவிட இரண்டு மடங்கு தூரம் அவர்கள் ஓடியிருப்பார்கள். உள்ளே பழைய குதிரை லாயத்தின் வளைவுக்கு அடியில் ஒரு கல்லறை இருக்கிறது. 1753-ல் செத்த ஒரு குதிரையினுடையது. பெயர் கோடால்ஃபின் அரேபியன். இன்று உலகெங்கும் ஓடும் தரோபிரெட் பந்தயக் குதிரைகளுக்கு மூதாதையான மூன்று ஆண் குதிரைகளில் ஒன்று. ரோமானியரைப் பார்க்கப் போய் குதிரைக்குக் கும்பிடு போட்டு வருவதும் ஒரு அனுபவம்தான்.

கோட்டைக்கு வடகிழக்கே ரோமானியர் சாலை. வரைபடங்களில் வயா டெவானா என்று கம்பீரமாக ஒரு பெயர் இருக்கும். எந்த ரோமானியனும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. கோல்செஸ்டரிலிருந்து செஸ்டர் வரை போன சாலை இது என்று நினைத்து 18-ம் நூற்றாண்டில் ஒரு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சூட்டியது. ஊர்க்காரர்கள் ஊல் ஸ்ட்ரீட் என்றும் சொல்வார்கள். இருபுறமும் வேலிச்செடி, ஓரத்தில் சுண்ணாம்பு மண்ணில் மட்டும் வளரும் புல்பூண்டு. ஜூனில் பூ நிறைய இருக்கும்; அதற்காகவே பாதுகாக்கப்பட்ட இடம். கோடையில் அருமை. மழைக்காலத்தில் குதிரைக் குளம்பும் சைக்கிளும் மிதித்து மாவு பிசைந்த மாதிரி ஆக்கிவிடும். நான் ஒரு டிசம்பரில் சாதாரண ஷூ போட்டுக்கொண்டு போய், வீடு திரும்பியதும் அதை வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டியதாயிற்று.

எட்டு கிலோமீட்டருக்குள் சுற்றை முடித்துவிடலாம். குறை என்னவென்றால் காடு ஒரு பக்கம், சாலை இன்னொரு பக்கம், இரண்டும் கலப்பதில்லை. வாண்டில்பரி மரங்களை விட்டு வெளியே வந்தால் திறந்த வெளிதான்.

கலப்பது பிக்னரில். அதனால்தான் என் ஓட்டு ஸ்டேன் ஸ்ட்ரீட்டுக்கு.

லண்டனிலிருந்து சிச்செஸ்டர் வரை, சுமார் 91 கிலோமீட்டர். ஸ்டேன் என்றால் பழைய ஆங்கிலத்தில் கல். ரோமானியர் வைத்த பெயர் மறைந்தே போயிற்று. இதை அளந்தவர்களின் கைவரிசையைச் சொல்லியாக வேண்டும். லண்டன் பாலத்திலிருந்து கிளம்பும் முதல் நேர்கோடு சிச்செஸ்டரின் கிழக்கு வாசலைக் குறிவைக்கிறது. இடையில் இத்தனை மலைகள், காடுகள், ஓர் ஊரிலிருந்து மற்ற ஊர் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் குறியைப் பிடித்துக்கொண்டு மலையில் போய் முட்டிக்கொள்ளவில்லை. ஊயெல் என்ற ஊர் வரை அந்தக் கோட்டில் வந்து, அப்புறம் மோல் ஆறு மலையை அறுத்துக்கொண்டு போகிற இடைவெளிக்காக விலகுகிறார்கள். ரோமானியர் சாலை வளையவே வளையாது என்பவர்களுக்கு இதுவே பதில்.

சுமார் 225 மீட்டர் உயரப் பிக்னர் குன்றின் மேல் கார் நிறுத்தம். அங்கே ஒரு மரக் கைகாட்டி, லொண்டினியம் (லண்டன்), நோவியோமகஸ் (சிச்செஸ்டர்) என்று லத்தீனில் ஊர்ப்பெயர் காட்டும். படம் எடுக்காமல் யாரும் நகர்வதில்லை. அங்கிருந்து தென்மேற்கே இறங்கினால் கம்பர் பண்ணைப் பக்கம் சாலையின் கரை புல்வெளி நடுவே முதுகெலும்பு போல எழுந்து நிற்கும். ஆக்லிங் டைக் அளவு இல்லை, ஆனால் சந்தேகமே வராது. வானம் தெளிந்த நாளில் நேர் எதிரே, தூரத்தில், சிச்செஸ்டர் பேராலயத்தின் கூர்கோபுரம் தெரியும். சாலை எங்கே போகிறது என்பதை யாரும் சொல்ல வேண்டாம்.

பிறகு அதே கோடு ஈர்தம் காட்டுக்குள் நுழைகிறது. பீச் (beech; பழம் தரும் பீச் அல்ல) மரங்கள் அதிகம். அக்டோபர் கடைசியில் தரையெல்லாம் செம்பு நிறம். காட்டுக்குள் பல பாதைகள் கூடும் சந்தியில் ரோமானியரை விட்டுப் பிரிந்து, ஸ்லிண்டன் தோட்டத்தைச் சேர்ந்த நோர் வுட் பக்கமாகத் திரும்பலாம். 1987 அக்டோபர் புயலில் ஸ்லிண்டனின் பெரிய பீச் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன; இன்று நடுவில் தெரிகிற இளங்காடுகளின் வயதை அதை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மொத்தம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், சாப்பாட்டு நேரமும் சேர்த்தால் அரை நாள்.

இதற்கும் குறைகள் உண்டு. பக்கத்து ரயில் நிலையம் ஆம்பர்லி. அங்கிருந்து குன்று உச்சிக்கே சுமார் ஆறு கிலோமீட்டர், ஏற்றம். சின்னக் குழந்தை, முட்டி வலி உள்ள அம்மா அப்பா என்று குடும்பமாகப் போவதென்றால் யோசிக்காமல் கேம்பிரிட்ஜ் போங்கள். குன்றுக்கு ஏறும் ரோடு ஒற்றைக் கார் அகலம்தான். எதிரே வண்டி வந்தால் யாராவது பின்னால் போக வேண்டும், பெரும்பாலும் அது நீங்களாகத்தான் இருக்கும்.

குன்றின் வடக்கு அடிவாரத்தில் பிக்னர் ரோமானிய மாளிகை இருக்கிறது. 1811-ல் ஜார்ஜ் டப்பர் என்ற விவசாயியின் கலப்பை கல்லில் இடித்து வெளிப்பட்டது; தரையெல்லாம் மொசைக் சித்திரம். குளிர்காலத்தில் மூடியிருக்கும். நடந்தே சேர்த்துப் பார்க்க ஆசைப்பட்டால் கடைசியில் செங்குத்தாக ஏறித்தான் காருக்கு வர வேண்டும். நான் காரில் இறங்கிப் போய்ப் பார்ப்பேன், வெட்கமில்லாமல்.

ஒன்று மட்டும்: குன்று மேல் கடையோ குழாயோ கிடையாது, கார் நிற்பதும் உச்சியில், அதனால் திரும்பும் கடைசிப் பகுதி ஏற்றம். தண்ணீரில் பாதியை அதற்கு மிச்சம் வையுங்கள். கோடையில் முழுக்கால் சட்டை போடுங்கள். காட்டோரப் புதர்களில் உண்ணி இருக்கும்.