கையடக்க ஏ.டி.எஸ்.-பி ரிசீவர்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சிறிய விமானம் ஓட்டுபவர்கள், அருகில் வரும் பிற விமானங்களை டேப்லெட் திரையில் பார்ப்பதற்கென விற்கப்படும் கையடக்க ஏ.டி.எஸ்.-பி ரிசீவர் ஒன்றை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். மற்ற விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் தாமாக அறிவிக்கும் (இம்முறையின் பெயரே ஏ.டி.எஸ்.-பி) இருப்பிடத்தையும் உயரத்தையும் வேகத்தையும் பெற்று, அது வைஃபை வழியாக டேப்லெட்டுக்கும், எச்சரிக்கைக் குரலை ஹெட்செட்டுக்கும் அனுப்புகிறது.

கொடுத்த காசு ஒரே பிற்பகலில் ஈடாகிவிட்டது என்றே சொல்வேன். "2 மணித் திசை, ஒரு மைல், 200 அடி கீழே" என்று குரல் கேட்டது. 2 மணித் திசை என்றால், மூக்கை 12 மணியாகக் கொண்ட கடிகாரத்தில் 2 இருக்கும் பக்கம், அதாவது வலப்புற முன்பக்கம். பார்த்தேன், வெறும் வானம். மோதும் பாதையில் வரும் விமானம் நம் முன்கண்ணாடியில் நகராது, ஒரே இடத்தில் புள்ளியாக நின்று பெரிதாகிக்கொண்டே வரும் என்பது பாடத்தில் படித்ததுதான். அந்தப் புள்ளி கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்ததால், தலையை ஒரு சாண் முன்னால் நீட்டிய பிறகே மேலேறி வந்துகொண்டிருந்த விமானம் தெரிந்தது. வலப்புறம் திரும்பி அதன் பின்னால் விலகிச் சென்றேன். பார்த்து, இனங்கண்டு, முடிவெடுத்து, விமானம் திரும்பத் தொடங்குவதற்கு 12.5 நொடி ஆகும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கணக்கு. அதில் 5 நொடி, மோதப்போகிறோம் என்று உணர்வதற்கே போய்விடுகிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் இக்கருவியின் உண்மையான பயன்.

டிரான்ஸ்பாண்டர் (விமானத்தின் அடையாளச் சமிக்ஞையை அனுப்பும் கருவி) இல்லாத கிளைடரும் பாராகிளைடரும் இதற்குத் தெரியாது. இருப்பிடம் சொல்லாத பழைய டிரான்ஸ்பாண்டராக இருந்தால், நம் விமானத்தைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் வரும்: பக்கத்தில் யாரோ இருக்கிறார், எந்தப் பக்கம் என்பதை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

ஆபத்து மிகுந்த இடமான ஓடுபாதைச் சுற்றில்தான் (இறங்கவும் ஏறவும் விமானங்கள் ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் வழி) இது அதிகம் தடுமாறுகிறது. தரையில் நிற்கும் விமானங்களுக்கெல்லாம் எச்சரிப்பதால், அங்கே ஒலியை அணைத்துவிடுகிறேன். 2021 மே 12 அன்று டென்வரை அடுத்த சென்டெனியல் விமான நிலையத்தில், இணை ஓடுபாதைகளில் இறங்க வந்த இரு விமானங்கள் பட்டப்பகலில் மோதிக்கொண்டதும் இப்படிப்பட்ட இறுதிக் கட்டத்தில்தான். ஒன்று பாராசூட்டில் இறங்கியது, மற்றொன்று உடல் கிழிந்த நிலையில் தரையிறங்கியது. இரண்டிலும் இருந்த மூவரும் பிழைத்தார்கள். அந்த நேரத்தில் கண் வெளியே இருக்க வேண்டும்.

என் பெரிய குறை வேறு. கருவிப் பலகையின் மேல் வெயிலில் வைத்தால் சூடேறி, சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடுகிறது. திரையோ அப்போதும் ஒரு விமானமும் இல்லாத அமைதியான வானத்தையே காட்டுகிறது. அணைந்த கருவியும் காலியான வானமும் ஒன்றுபோலத் தோன்றுவதைவிட மோசமான வடிவமைப்பு இருக்க முடியாது. இப்போது நிழல் விழும் பக்கத்து ஜன்னலில் ஒட்டிவைத்திருக்கிறேன். சூடு குறைந்தது, ஆனால் எதிர்ப்பக்கத்து விமானங்களைச் சில சமயம் நம் விமானத்தின் உடலே மறைத்துவிடுகிறது. நிறுவனத்துக்கு எழுதியதன் பலனாக, அண்மைய மென்பொருளில் 'தொடர்பு இல்லை' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: திரையின் மூலையில், சாம்பல் நிறத்தில், வெயிலில் படிக்க முடியாத எழுத்தில்.