லாராவெல் ஆளா, ஜாங்கோ ஆளா: நேர்காணலில் எங்கே தட்டிப் பார்ப்பது?

வெப் ஆப் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க்குகளில் லாராவெல் பிஎச்பி மொழிக்கானது, ஜாங்கோ பைத்தானுக்கானது. இவற்றுக்கு ஆள் தேவை என்று தரும் இரண்டு விளம்பரங்களுக்கும் வரும் பயோடேட்டாக்கள் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும்: ஏபிஐ, மைஎஸ்க்யூஎல், கிட், டாக்கர். ஆனால் ஆட்கள் வந்த பாதை வேறு. லாராவெல் பக்கம் வருகிறவர்களில் பலர் வேர்ட்பிரஸ், கோட்இக்னைட்டர் என்று பிஎச்பியிலேயே கை பழகியவர்கள். ஃபார்ம், செஷன், குக்கியெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜாங்கோ பக்கம் வருகிறவர்களில் பலர் கல்லூரியில் பைத்தான் கற்று, டேட்டா வேலை பார்த்து, பிறகு வெப்புக்கு வந்தவர்கள். கோடு சுத்தமாக இருக்கும். வெப் அடிப்படை சில சமயம் ஆட்டம் காணும். ஆகவே இரு தரப்பிடமும் ஒரே கேள்வித்தாளை நீட்டினால் இரண்டு பலவீனமும் கண்ணில் படாமல் போய்விடும்.

லாராவெல்காரரிடம் ரூட், கன்ட்ரோலர், பிளேடு போன்ற அடிப்படைகளைப் பற்றிக் கேட்பது வீண். குடைய வேண்டிய இடம் க்யூ, அதாவது பின்னணியில் செய்ய ஒதுக்கிய வேலைகளின் வரிசை. பிஎச்பியில் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் முடிந்ததும் நினைவகம் துடைக்கப்பட்டுவிடும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு, அந்த வேலைகளை எடுத்துச் செய்ய நாள் கணக்கில் உயிரோடு இருக்கும் க்யூ வொர்க்கர் புதுப் பிராணி. புதுக் கோடை சர்வரில் ஏற்றிய பிறகும் வொர்க்கர் பழைய கோடையே ஓட்டிக்கொண்டிருப்பது ஏன் என்று கேளுங்கள். ‘க்யூ ரீஸ்டார்ட் கட்டளை கொடுக்கவில்லை’ என்று உடனே சொல்கிறவர் அதில் ஒருமுறையாவது சூடு பட்டவர்.

அடுத்தது எண் கணக்கு. வொர்க்கரின் டைம்அவுட் (ஒரு வேலைக்குத் தரும் உச்ச நேரம்) இயல்பாக 60 வினாடி, கனெக்‌ஷனின் ரிட்ரை ஆஃப்டர் (முடியாத வேலையை மறுபடி எடுக்க விடும் நேரம்) 90 வினாடி. பெரிய பிடிஎஃப் பில் தயாரிக்க நேரம் போதவில்லை என்று ஒருவர் டைம்அவுட்டை மட்டும் 300 ஆக்குகிறார். என்ன நடக்கும்? 90 வினாடி கடந்ததும் ‘இந்த வேலை செத்துவிட்டது’ என்று கருதி இன்னொரு வொர்க்கர் அதையே எடுக்கும். வாடிக்கையாளருக்கு இரண்டு பில் போகும். டைம்அவுட் எப்போதும் ரிட்ரை ஆஃப்டரைவிடச் சில வினாடி குறைவாகவே இருக்க வேண்டும். இன்னொரு சின்னக் கேள்வி: கான்ஃபிக் ஃபைலுக்கு வெளியே, என்வ் ஃபைலில் உள்ள அமைப்பு மதிப்புகளைப் படிக்கும் என்வ் ஃபங்ஷனை அழைத்து எழுதிய கோடு, லோக்கலில் ஓடி லைவில் மட்டும் வெற்று மதிப்பைத் தருவது ஏன்? கான்ஃபிக் கேஷ் செய்த (அமைப்புகளைத் தொகுத்துச் சேமித்த) பிறகு என்வ் ஃபைலே படிக்கப்படாது என்பதுதான் விடை. இது தெரியாத ‘ஐந்து வருட அனுபவம்’ லோக்கலிலேயே கழிந்த அனுபவம்.

ஜாங்கோகாரரிடம் டேட்டாபேஸிலிருந்து தொடங்கலாம். நூறு பில்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் பெயரைக் காட்டினால் 101 க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓடும்: பட்டியலுக்கு ஒன்று, பெயர்களுக்கு நூறு. தொடர்புள்ள தரவையும் சேர்த்தே எடுக்கும் செலக்ட் ரிலேட்டட் போட்டால் ஜாயினோடு ஒன்று, அதைத் தனியாக எடுத்துப் பொருத்தும் ப்ரீஃபெட்ச் ரிலேட்டட் போட்டால் இரண்டு. இதைப் பெரும்பாலோர் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். கேள்வி அதற்குப் பிறகுதான்: ஒவ்வொரு பில்லிலும் உள்ள பொருள்களை ப்ரீஃபெட்ச் செய்துவிட்டு, லூப்புக்குள் அதே உறவின் மேல் ஃபில்டர் அழைத்தால்? ஏற்கெனவே எடுத்து வைத்தது பயன்படாது. சுற்றுக்கு ஒரு க்வெரி மறுபடி ஓடும். இங்கேதான் விழி பிதுங்கும்.

ஜாங்கோவோடு பின்னணி வேலைகளை ஓட்டப் பயன்படும் செலரி தெரியும் என்பவரிடம் இரண்டு சிக்கல்களை வைக்கலாம். டிரான்சாக்‌ஷனுக்குள்ளேயே டாஸ்க்கை அனுப்பினால், மாற்றம் கமிட் ஆகும் (டேட்டாபேஸில் உறுதியாகும்) முன்பே வொர்க்கர் அந்தப் பதிவைத் தேடி, ‘அப்படி ஒன்று இல்லை’ என்று விழும். ஆன் கமிட் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். லாராவெலிலும் இதே குழி உண்டு, அங்கே மருந்தின் பெயர் ஆஃப்டர் கமிட். மற்றொன்று ரெடிஸை புரோக்கராக (வேலைகளை வொர்க்கரிடம் சேர்க்கும் இடைத்தரகராக) வைத்திருப்பவர்களுக்கு: விசிபிலிட்டி டைம்அவுட் (எடுத்த வேலைக்கு ஒப்புதல் வராவிட்டால் வேறு வொர்க்கருக்குத் தரும் நேரம்) இயல்பாக ஒரு மணி நேரம். மூன்று மணி நேரம் கழித்து ஓட வேண்டும் என்று டாஸ்க்கைத் தள்ளிவைத்தால், அது திரும்பத் திரும்ப வொர்க்கர்களுக்குப் போய், பலமுறை ஓடக்கூடும்.

டேபிள் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் ஃபைல்களில் இரண்டும் எதிரெதிர். இருவர் தனித்தனிக் கிளையில் 0007 என்ற எண்ணில் மைக்ரேஷன் எழுதினால், ஒன்று சேர்த்ததும் ஜாங்கோ முரண்டு பிடித்து, மெர்ஜ் செய்யச் சொல்லும். லாராவெல் ஃபைல் பெயரில் நேர முத்திரை இருப்பதால் சத்தமே போடாது. வரிசை தவறியது பிறகுதான் தெரியும். ஜாங்கோவின் முணுமுணுப்பே மேல்.

இருவரிடமும் கேட்கத்தக்க ஒரே கேள்வி: டேட்டாபேஸில் ஆயிரம் பதிவுகளை ஒரே அப்டேட்டில் மாற்றினால், பதிவு மாறும்போது தானாக எழும் சிக்னலோ (ஜாங்கோ) மாடல் ஈவென்ட்டோ (லாராவெல்) எழுமா? இரண்டிலும் எழாது. ஸ்டாக் கணக்கை ஈவென்ட்டில் கட்டி வைத்தவர்கள் மாதக் கடைசியில் தலையில் கை வைப்பது இதனால்தான்.

அப்கிரேடு அனுபவத்துக்கு லாராவெலில் கூடுதல் எடை கொடுக்க வேண்டும். ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு. பிழைத் திருத்தம் 18 மாதம், பாதுகாப்புத் திருத்தம் 2 ஆண்டு, அவ்வளவுதான். ஜாங்கோவின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு மூன்று ஆண்டு. 2025 ஏப்ரலில் வந்த 5.2 அப்படிப்பட்டது. ‘10இலிருந்து 11க்குப் போனபோது கெர்னல் ஃபைலை நீக்கியே ஆக வேண்டியிருந்தது’ என்று ஒருவர் சொன்னால் சந்தேகப்படுங்கள். கெர்னல் ஃபைல் இல்லாத புது அமைப்பு புது புராஜெக்ட்டுக்குத்தான், பழையது அப்படியே ஓடும். ஜாங்கோவில் 3.2இலிருந்து 4.2க்குப் போனவர், சிஎஸ்ஆர்எஃப் (போலிக் கோரிக்கைத் தடுப்பு) நம்பகப் பட்டியலில் டொமைனுக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்க்காமல் பிழை வாங்கிய கதையைச் சொல்ல வாய்ப்புண்டு.

வீட்டுப்பாடமாக டு-டூ ஆப் கேட்பதை நிறுத்திவிடலாம். ஏஐ உதவியோடு அது ஒரு நிமிட வேலை. மேலே சொன்ன பிழைகளில் மூன்றை வேண்டுமென்றே புதைத்த சிறு பில்லிங் ஆப்பைக் கொடுத்து, இரண்டு மணி நேரம், காசு கொடுத்து, பழுது பார்க்கச் சொல்லுங்கள். க்வெரி எண்ணிக்கை குறைந்ததை ஜாங்கோகாரர், க்வெரிகளை எண்ணிச் சரிபார்க்கும் அசெர்ட் நம் க்வெரீஸ் டெஸ்ட்டால் நிரூபிக்கட்டும். லாராவெல்காரர் லேஸி லோடிங்கை (தொடர்புள்ள தரவைத் தேவைப்படும்போது ஒவ்வொன்றாக எடுப்பதை) தடுக்கும் சுவிட்சைப் போட்டுக் காட்டட்டும்.

ஒரே ஒரு ஆளைத்தான் எடுக்க முடியும் என்றால் லாராவெல் பக்கம் சாய்வதே நல்லது. க்யூ, ஷெட்யூலர், மெயில் எல்லாம் ஒரே ஆவணத்தில், ஒரே வழியில் இருப்பதால் அவர் போன பிறகு வருகிறவருக்கும் பாதை தெரியும். ஜாங்கோவில் அட்மின் திரை இலவசம், ஆனால் பின்னணி வேலைக்கு எதைக் கட்டுவது என்பது அந்த ஒருவரின் விருப்பம். 2025 டிசம்பரில் வந்த 6.0இல் டாஸ்க்ஸ் அமைப்பு சேர்ந்தும், லைவில் வேலையை ஓட்டும் வொர்க்கர் அதில் கிடையாது. மூன்று பேருக்கு மேல் அணி இருந்து, கணக்கும் அறிக்கையும் அதிகமென்றால் ஜாங்கோ. 90 நாள் நோட்டீஸ் பீரியடில் இருக்கும் ஜாங்கோ நிபுணருக்காகக் காத்திருப்பதைவிட, வெப் அடிப்படை உறுதியான லாராவெல்காரர் ஒருவருக்கு அந்த மூன்று மாதத்தில் ஜாங்கோ கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் சீக்கிரம் முடியும்.